வேலை தேடும் பிள்ளையும் நடுவில் நிற்கும் ஏஜெண்டும்

காக்ஸ் டவுன் மார்க்கெட்டைச் சுற்றியும், வீலர் ரோட்டிலும், ஜீவனஹள்ளி, மாருதி சேவா நகர்ப் பக்கமும் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களில் மூன்று தலைமுறைக்குள் ஒரு பெரிய மாறுதல் வந்துவிட்டது. தாத்தா காலத்தில் ராணுவம், ரயில்வே, சிகரெட் தொழிற்சாலை என்று வேலைக்குப் போனார்கள். அப்பா காலத்தில் எச்.ஏ.எல்., பி.இ.எல்., தொலைபேசித் தொழிற்சாலை என்று பொதுத்துறை வந்தது. எங்கே வேலை என்று யாராவது கேட்டால் ஒரே வார்த்தையில் கம்பெனி பெயரைச் சொல்லிவிடுவார்கள். கல்யாணப் பத்திரிகையில்கூட அந்தப் பெயரைப் போட்டுக்கொண்ட காலம் உண்டு.

இன்று பிள்ளையைக் கேட்டால் இரண்டு பெயர் சொல்ல வேண்டியிருக்கிறது. வேலை செய்யும் இடம் ஒன்று. சம்பளம் போடும் கம்பெனி இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே அவனை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்த ஏஜென்சி ஒன்று. சில சமயம் அந்த ஏஜென்சிக்கு ஆள் பிடித்துக் கொடுத்த இன்னொரு ஏஜெண்டும் உண்டு. முதலாளி யார், தரகர் யார் என்பது வேலைக்குச் சேர்ந்த பையனுக்கே தெளிவாகத் தெரிவதில்லை.

ஏஜெண்டு என்றாலே ஏமாற்றுக்காரர் என்று நினைப்பது தவறு. ஆனால் அவர் நமக்காக வேலை செய்கிறார் என்று நினைப்பது அதைவிடப் பெரிய தவறு. அவர் யாரிடம் கூலி வாங்குகிறாரோ அவருக்குத்தான் வேலை செய்கிறார். இந்த ஒரு விஷயம் புரிந்தால் வேலைச் சந்தையில் நடக்கும் பாதிக் குழப்பம் விளங்கிவிடும்.

எக்ஸ்சேஞ்ச் கார்டு காலம்

இரண்டாம் உலகப் போர் முடிந்து படையிலிருந்து விடுபட்ட சிப்பாய்களுக்கு வேலை தேடித் தருவதற்காக 1945ம் ஆண்டு தொடங்கப்பட்டவைதான் இந்நாட்டின் வேலைவாய்ப்பு நிலையங்கள். 1948ல் அவை எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. 1956 நவம்பரில் மாநில அரசுகளின் நிர்வாகத்துக்கு வந்தன. காலியிடங்களைக் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டும் என்ற மத்திய சட்டம் 1959ல் நிறைவேறியது. பத்தாவது முடித்தவுடன் எக்ஸ்சேஞ்சில் பதிந்து, மூன்றாண்டுக்கு ஒருமுறை கார்டைப் புதுப்பித்து, தபால்காரருக்காகக் காத்திருந்த தலைமுறை இன்னும் இந்தப் பேட்டைகளில் இருக்கிறது.

அந்தச் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. காலியிடம் இருப்பதை முதலாளி தெரிவிக்க வேண்டும். ஆனால் எக்ஸ்சேஞ்ச் அனுப்பும் ஆளையே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அரசு வேலையில் எக்ஸ்சேஞ்சின் பிடி ஓரளவு இருந்தது. அதுவும் 1996ல் தளர்ந்தது. எக்ஸ்சேஞ்ச் அனுப்பும் பெயர்களை மட்டும் பார்த்தால் போதாது, பத்திரிகையிலும் விளம்பரம் செய்து, வரும் எல்லோரையும் பரிசீலிக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் அந்த ஆண்டு சொன்னது. தீர்ப்பு நியாயமானதுதான். பதிந்துவிட்டுக் காத்திருந்தவனுக்கு மட்டும் அது கசந்தது.

2015 ஜூலையில் மத்திய அரசு தேசிய வேலைவாய்ப்புச் சேவை என்ற கணினி ஏற்பாட்டைத் தொடங்கியது. 2025 நவம்பர் 21ம் தேதி நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தபோது, 1959ம் ஆண்டுச் சட்டத்தின் விஷயமும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. பெயர் மாறியது, ஏற்பாடு மாறியது. ஆனால் எக்ஸ்சேஞ்ச் விட்டுச் சென்ற இடத்தில் ஏற்கனவே வேறு ஆட்கள் உட்கார்ந்து கடை விரித்திருந்தார்கள். இந்த வியாபாரத்தில் பெங்களூர் ஒரு தலைநகரம் என்றே சொல்லலாம். நாட்டின் மிகப் பெரிய ஆட்கள் வழங்கும் நிறுவனங்களில் இரண்டான டீம்லீஸ், குவெஸ் ஆகியவற்றின் தலைமையிடம் இந்த ஊர்தான். சென்னையில் 1992ல் தொடங்கிய மா ஃபா நிறுவனமும் இதே தொழிலில் வளர்ந்தது. அதை நிறுவிய கே. பாண்டியராஜன் பின்னாளில் தமிழ்நாட்டில் அமைச்சராகவும் ஆனார்.

தலைக்காசும் ஹெட்ஹண்டரும்

தரகர் மூலம் வேலைக்குப் போவது தமிழனுக்குப் புதிதல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலேயா ரப்பர் தோட்டங்களுக்கும் ஆள் சேர்த்தவர் கங்காணி. கோலார் தங்கவயலுக்கு வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்தவர்கள் ஒப்பந்தக்காரர்களும் மேஸ்திரிகளும்தான்.

கங்காணி ஊரில் வந்து முன்பணம் கொடுப்பார். கப்பல் செலவும் சாப்பாட்டுச் செலவும் கடனாக ஏறும். தோட்டத்தில் ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு கிடைக்கும். இலங்கையில் இதற்கு மேல் துண்டு முறை என்று ஒன்று இருந்தது. இந்தக் கடனைத் தீர்த்தால் இந்தக் கூட்டத்தை விட்டுவிடுகிறேன் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுதான் துண்டு. வேறு தோட்டத்துக்கு மாறும்போது ஆளோடு கடனும் கைமாறும். 1921ம் ஆண்டுச் சட்டத்தால் அந்த முறை ஒழிந்தது. மலேயாவுக்கு இப்படிச் செலவு கொடுத்து ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938ல் தடுத்து நிறுத்தியது.

உயர்ந்த பதவிக்கு ஆள் தேடுபவரை இன்று ஆங்கிலத்தில் ஹெட்ஹண்டர் என்கிறார்கள். தலையை வேட்டையாடுபவர் என்று பொருள். தலைக்காசுக்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தம் தற்செயலாக அமைந்ததுதான் என்றாலும், கணக்கு இரண்டிலும் தலைக்கு இவ்வளவு என்பதுதான். ஒரு வித்தியாசம் உண்டு. கங்காணி எவ்வளவு கெட்டவராக இருந்தாலும் அவருக்கு ஊர் உண்டு, முகம் உண்டு, சொந்தபந்தம் உண்டு. இன்றைய ஏஜெண்டுக்குச் செல்போன் எண் மட்டும்தான் உண்டு. அதுவும் நாளைக்கு மாறிவிடலாம்.

நரசாபுராவில் நடந்தது

காக்ஸ் டவுனை ஒட்டிய பெங்களூர் கிழக்கு ரயில் நிலையத்தின் வழியாகத்தான் மாரிக்குப்பம், பங்காருப்பேட்டைப் பக்கமிருந்து வரும் ரயில்கள் நகருக்குள் நுழைகின்றன. 2001 பிப்ரவரியில் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, தங்கவயல் தமிழர்களில் ஆயிரக்கணக்கானோர் அந்த ரயிலில் தினமும் பெங்களூர் வந்து வேலை செய்துவிட்டுத் திரும்புகிறார்கள். எதிர்த் திசையில் பழைய மதராஸ் ரோடு வழியே கோலார் பக்கம் ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் போகின்றன. அந்த வழியில்தான் நரசாபுரா தொழிற்பேட்டை இருக்கிறது.

அங்கே ஐபோன் செய்துகொண்டிருந்த தைவான் நாட்டு விஸ்ட்ரான் கம்பெனியில் 2020 டிசம்பர் 12ம் தேதி அதிகாலை, இரவு ஷிப்டு முடிந்த நேரத்தில் கலவரம் வெடித்தது. கண்ணாடிகள் நொறுங்கின, வண்டிகள் எரிந்தன, சாமான்கள் போயின. நூற்றுக்கு மேற்பட்டோர் கைதானார்கள். சேதம் நானூறு கோடிக்கு மேல் என்று முதலில் பேச்சு அடிபட்டது. பிறகு கம்பெனியே அதைப் பல மடங்கு குறைத்துச் சொன்னது. வன்முறையை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் வன்முறைக்கு முந்திய மாதங்களில் நடந்ததைப் பார்க்க வேண்டும்.

குறுகிய காலத்தில் ஐந்தாயிரம் பேரிலிருந்து பத்தாயிரத்துக்கு மேல் ஆட்களைச் சேர்த்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆட்கள் வழங்கும் ஆறு நிறுவனங்கள் மூலம் வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள். அக்டோபரில் எட்டு மணி ஷிப்டு பன்னிரண்டு மணியாக மாறியது. வருகைப் பதிவு ஒழுங்காக நடக்கவில்லை. சொன்ன சம்பளம் வேறு, கைக்கு வந்தது வேறு என்ற புகார் கிளம்பியது. இருபத்தோராயிரம் ரூபாய் என்று சொல்லிச் சேர்த்த பொறியியல் பட்டதாரிக்குப் பதினாறாயிரமும் பிறகு பன்னிரண்டாயிரமும் வந்தது என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின.

ஒரு வாரத்தில் ஆப்பிள் கம்பெனியின் அறிக்கை வந்தது. வேலை நேரக் கணக்கை விஸ்ட்ரான் சரியாக நடத்தவில்லை, அதனால் அக்டோபர், நவம்பர் சம்பளம் சிலருக்குத் தாமதமானது என்று அது சொன்னது. சரிசெய்யும் வரை புது ஆர்டர் கிடையாது என்றும் அறிவித்தது. விஸ்ட்ரான் மன்னிப்புக் கேட்டு, இந்தியத் தொழிலைக் கவனித்த துணைத் தலைவரை நீக்கியது. 2023ல் அந்தத் தொழிற்சாலையை டாடா குழுமம் வாங்கிக்கொண்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தத் தொழிலாளி சம்பளக் குறைவைப் பற்றி மேற்பார்வையாளரிடம் கேட்டால், ஏஜென்சியைக் கேள் என்பார். ஏஜென்சியைக் கேட்டால், கம்பெனியிலிருந்து வருகைக் கணக்கு வரவில்லை என்பார்கள். பந்து இரண்டு பக்கமும் உருண்டுகொண்டே இருக்கும், மாதம் ஓடிவிடும். எத்தனையோ ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு இது அன்றாட அனுபவம்.

சொன்ன சம்பளம், கைச் சம்பளம்

ஏஜென்சிக்காரர் சொல்லும் தொகை எல்லா நேரமும் பொய்யல்ல. பல சமயம் அவர் கம்பெனிக்கு ஆகும் செலவைச் சொல்கிறார். கேட்பவர் அதைக் கைச் சம்பளம் என்று எடுத்துக்கொள்கிறார். ஒரு கணக்கைப் பார்க்கலாம்.

மாதச் சம்பளம் 20,000 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 என்று வைத்துக்கொள்வோம். பிராவிடண்ட் பண்டுக்குத் தொழிலாளியிடம் பிடிப்பது 12 சதவீதம், அதாவது 1,800. இ.எஸ்.ஐ.க்கு முக்கால் சதவீதம், 150. ஆக, கைக்கு வருவது 18,050. கம்பெனி தன் பங்காக பி.எப்.புக்கு 1,800ம், இ.எஸ்.ஐ.க்கு மூன்றே கால் சதவீதமாக 650ம் கட்ட வேண்டும். ஆக, செலவு 22,450. வேறு சில்லறைக் கட்டணங்கள் இதில் சேரவில்லை. இதற்கு மேல் ஏஜென்சியின் சேவைக் கட்டணம். மொத்த பில்லுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி.

ஒரே வேலைக்கு 22,450 என்றும் சொல்லலாம், 20,000 என்றும் சொல்லலாம், 18,050 என்றும் சொல்லலாம். மூன்றும் உண்மை. வாடகை கொடுக்கவும் அரிசி வாங்கவும் உதவுவது மூன்றாவது மட்டும்தான். "மொத்தம் எவ்வளவு?" என்று கேட்பதைவிட, "முதல் மாதம் பேங்கில் எவ்வளவு விழும்?" என்று கேட்பது மேல். அதையும் எழுத்தில் வாங்க வேண்டும்.

பி.எப். எண்ணை வாங்கி ஒவ்வொரு மாதமும் பாஸ்புக்கைப் பார்த்துவிடுவது நல்லது. பிடித்த பணம் கட்டப்பட்டதா என்பது அதில் தெரியும். சட்டப்படி முதலாளி யார் என்பதும் அதில் தெரியும். பணம் கட்டும் நிறுவனத்தின் பெயர்தான் அங்கே இருக்கும். பளபளப்பான கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டவர் பலர், வேறு பெயரை அந்தப் புத்தகத்தில் பார்த்துத் திகைத்ததுண்டு.

பத்து வருஷம் இப்படி உழைத்தால் பெர்மனெண்ட் ஆகிவிடலாம் என்ற நம்பிக்கையும் பலரிடம் இருக்கிறது. ஒப்பந்த முறை தடை செய்யப்பட்டாலும் தொழிலாளி தானாகவே நிரந்தரமாகிவிட மாட்டார் என்று 2001ல் உருக்கு ஆணைய வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்துவிட்டது. ஏஜென்சிக்காரர் வாயால் தரும் வாக்குறுதியை அந்தத் தீர்ப்போடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

யார் பணம் கொடுக்கிறார்?

படித்து நான்கைந்து வருஷ அனுபவம் உள்ளவர்களின் கதை வேறு. கணக்கு எழுதுபவர், கணினி எஞ்சினீயர், ஆஸ்பத்திரி நர்ஸ் போன்றோரைக் கன்சல்டன்சிகள் தாமே கூப்பிட்டுப் பேசுகின்றன. இங்கே கட்டணம் கம்பெனியினுடையது. வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம் என்பது இந்தத் தொழிலில் வெகுநாளாக வழங்கிவரும் கணக்கு. பெரிய பதவி என்றால் இன்னும் கூடும். ஆள் குறிப்பிட்ட நாளுக்குள், பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் விலகிவிட்டால் வேறு ஆள் தர வேண்டும் அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும் என்று ஒப்பந்தம் இருக்கும். சேர்ந்த புதிதில் கன்சல்டன்சிக்காரர் அடிக்கடி போன் செய்து அன்பாக விசாரிப்பதன் ரகசியம் இதுதான்.

இப்படிப்பட்டவர்களைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். வெளியே விளம்பரமாகாத காலியிடம் அவர்களுக்குத் தெரியும். சந்தையில் என்ன சம்பளம் நடக்கிறது என்பதும் தெரியும். சம்பளம் கூடினால் அவர்கள் கட்டணமும் கூடும் என்பதால் ஓரளவு பேசியும் பார்ப்பார்கள். ஓரளவுதான். இரண்டாயிரம் ரூபாய் கூட்டிக் கேட்டு மொத்தமும் கெட்டுப்போவதைவிட, இன்றைக்கே முடிந்தால் நல்லது என்றுதான் அவர்களுக்கு இருக்கும். வீடு விற்கும் தரகரின் மனநிலையே இங்கும்.

ஒரே விண்ணப்பத்தை நாலு கன்சல்டன்சிக்குக் கொடுத்தால் வாய்ப்பு நாலு மடங்காகும் என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். ஒரே கம்பெனிக்கு இரண்டு கன்சல்டன்சி மூலம் ஒரே பெயர் போய்ச் சேர்ந்தால், கட்டணம் யாருக்கு என்ற சண்டை வரும். அந்த வம்பே வேண்டாம் என்று கம்பெனி அந்தப் பெயரையே ஒதுக்கிவிடுவதும் உண்டு. என் விண்ணப்பத்தை எந்தக் கம்பெனிக்கு அனுப்பப் போகிறீர்கள் என்று முதலிலேயே கேட்டுக் குறித்துக்கொள்வது அவசியம். பெயரைச் சொல்ல மறுப்பவரிடம் விண்ணப்பம் கொடுப்பதில் லாபமில்லை.

வேலை தேடுபவரிடமே பணம் கேட்பவர் இன்னொரு வகை. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், இண்டர்வியூ உறுதி என்று பெயர்கள் மாறும். தனியார் வேலைவாய்ப்பு ஏஜென்சிகள் தொழிலாளியிடம் நேராகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997ம் ஆண்டு 181வது உடன்படிக்கையின் பொது விதி. இந்தியா அதில் கையெழுத்திடவில்லை. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புவதற்குச் சட்டம் இருக்கிறது; காவலாளி ஏஜென்சிகளுக்கு 2005ல் சட்டம் வந்தது; உள்நாட்டில் ஆபீஸ் வேலை, கடை வேலைக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்சிகளை நாடு முழுவதும் கட்டுப்படுத்தத் தனிச் சட்டம் இல்லை. ஓர் அறை, ஒரு மேஜை, ஒரு போன் இருந்தால் யாரும் தொடங்கிவிடலாம். சத்திரம், சந்தை நடத்துவதற்குக்கூட லைசென்ஸ் கேட்கும் நாட்டில் இது விசித்திரம்தான்.

பெரிய கம்பெனிகள் வேலைக்குப் பணம் வாங்குவதில்லை என்று திரும்பத் திரும்ப அறிவிக்கின்றன. ஆனால் உள்ளே இருப்பவர்களும் மனிதர்கள்தான். நாட்டின் மிகப் பெரிய கணினி நிறுவனமான டி.சி.எஸ்.ஸில், ஒப்பந்த ஆட்களை எடுப்பதில் சிலர் ஏஜென்சிகளிடம் பணம் பெற்றார்கள் என்ற செய்தி 2023 ஜூனில் வந்தது. அக்டோபரில் கம்பெனி தன் விசாரணை முடிவை வெளியிட்டது. 19 பேர் சம்பந்தப்பட்டதாகவும், 16 பேர் நீக்கப்பட்டதாகவும், மூவர் அந்தப் பிரிவிலிருந்து மாற்றப்பட்டதாகவும், ஆறு ஏஜென்சிகள் விலக்கப்பட்டதாகவும் சொன்னது. நடத்தை விதிமீறல்தான், கம்பெனிக்குப் பண நஷ்டமில்லை என்றும் கூறியது. கம்பெனிக்கு நஷ்டமில்லாமல் இருக்கலாம். ஒழுங்கான வழியில் விண்ணப்பித்து வெளியே நின்றவரின் நஷ்டத்தை அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை.

போலி அனுபவச் சான்றிதழும் இதே கடையில் விற்கும் சரக்கு. இல்லாத கம்பெனிகளின் பெயரில் கடிதம் கொடுத்துச் சேர்ந்தவர்களை வெளியேற்றியதாக 2022 நவம்பரில் அக்செஞ்சர் நிறுவனம் அறிவித்தது. அந்தக் கடிதத்தை விற்றவர் பணத்தை எண்ணிக்கொண்டு போய்விட்டார். வேலை இழந்தவர்கள் வாங்கியவர்கள்.

பெண்களுக்குக் கூடுதல் வாசல்

ஏஜெண்டு ஆள் சேர்ப்பதோடு நிற்பதில்லை. யாரைச் சேர்க்கக் கூடாது என்பதையும் அவரே செய்து முடிக்கிறார். ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் தொழிற்சாலையில் கல்யாணமான பெண்களை ஐபோன் பிரிவு வேலைக்கு எடுக்காமல் விலக்கினார்கள் என்று ராய்ட்டர் செய்தி நிறுவனம் 2024 ஜூனில் எழுதியது. ஆள் சேர்க்கும் ஏஜென்சிகள் மூலமே அந்த வடிகட்டல் நடந்ததாக அச்செய்தி கூறியது. கம்பெனி பாகுபாட்டை மறுத்தது. மத்திய அரசு தமிழ்நாட்டுத் தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. பிறகு விளம்பரங்களில் வயது, கல்யாணம் பற்றிய வரிகளை எடுத்துவிடும்படி ஏஜென்சிகளுக்குச் சொல்லப்பட்டதாக அதே ஆண்டு நவம்பரில் செய்தி வந்தது. கம்பெனி நேரில் சொன்னால் வழக்கு வரும் என்ற விஷயங்களைச் சொல்ல நடுவில் ஓர் ஆள் வசதியாகக் கிடைக்கிறார் என்பதுதான் இதில் புரிகிறது.

கடல் கடந்த ஆசை

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983ம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். வேலைக்குப் போகிறவரிடம் அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு வரம்பு 30,000 ரூபாய்; ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400. ரசீது தர வேண்டும். பதிவு பெற்ற ஏஜெண்டுகளின் பட்டியல் மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் இருக்கிறது. தமிழ்நாடு அரசே 1978 முதல் அயல்நாட்டு மனிதவளக் கழகம் என்ற நிறுவனத்தை நடத்துகிறது. இத்தனைக்கும் பிறகும் லட்சக்கணக்கில் கொடுத்து ஏமாறுவது நிற்கவில்லை.

பத்தாவது கூடப் படிக்காதவர் வளைகுடா முதலிய 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதற்கு அரசின் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். படித்தவருக்கு அந்தத் தடையில்லை. அதனால் ஒரு விபரீதம் விளைந்தது. தாய்லாந்தில் கணினி வேலை, நல்ல சம்பளம் என்ற விளம்பரத்தை நம்பி டூரிஸ்ட் விசாவில் பறந்த பட்டதாரி இளைஞர்கள், எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிப் பகுதிக்குக் கடத்தப்பட்டார்கள். அங்கே துப்பாக்கிக் காவலில் ஆன்லைன் மோசடி செய்யும்படி வற்புறுத்தப்பட்டார்கள். துபாயிலும் இந்தியாவிலும் உள்ள ஏஜெண்டுகள் இப்படி ஆள் பிடிக்கிறார்கள் என்று 2022 செப்டம்பரில் வெளியுறவுத் துறை எச்சரித்தது. அக்டோபரில் மீட்கப்பட்டவர்களில் 13 தமிழர்கள் சென்னை வந்து சேர்ந்தார்கள். எச்சரிக்கை வந்தும் போக்குவரத்து நிற்கவில்லை. 2025 மார்ச்சில் இரண்டே நாளில் 549 இந்தியர்களை விமானப்படை விமானங்களில் கொண்டுவர வேண்டியிருந்தது. குறைவாகப் படித்தவருக்குச் சட்டம் போட்ட வேலி, அதிகம் படித்தவருக்கு இல்லாமல் போனதன் விளைவு இது.

கன்னடமும் கேட்பார்கள்

பெங்களூர்த் தமிழருக்கு இந்த விவகாரத்தில் தனியாக ஒரு பக்கம் உண்டு. 1983ல் அமைந்த சரோஜினி மகிஷி குழுவின் பரிந்துரைகள் வந்த நாள் முதல், வேலையில் மண்ணின் மைந்தர்களுக்கு முன்னுரிமை என்ற கோரிக்கை கர்நாடக அரசியலில் மேலெழுந்தபடியே இருக்கிறது. 2024 ஜூலையில் மாநில அமைச்சரவை தனியார் துறைக்கும் ஒரு மசோதாவை ஒப்புக்கொண்டது. நிர்வாகப் பதவிகளில் 50 சதவீதம், மற்றவற்றில் 70 சதவீதம் உள்ளூர்க்காரருக்கு என்பது அதன் சாரம். கர்நாடகத்தில் பிறந்து, 15 ஆண்டு வசித்து, கன்னடம் பேச, படிக்க, எழுதத் தெரிந்தவர் உள்ளூர்க்காரர். தொழிலதிபர்கள் எதிர்த்தவுடன் இரண்டே நாளில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது.

இந்த வரையறையை வைத்துப் பார்த்தால், காக்ஸ் டவுனிலேயே பிறந்து வளர்ந்து, பள்ளியில் கன்னடம் படித்த தமிழ்ப் பிள்ளை உள்ளூர்க்காரர்தான். நேற்று திருவண்ணாமலையிலிருந்தோ தர்மபுரியிலிருந்தோ வந்தவர் அல்ல. கன்னடம் வாயில் வந்தாலும் எழுத வராத பிள்ளைகள் இந்தப் பேட்டைகளில் ஏராளம். ஏஜென்சிகள் இப்போதே விண்ணப்பத்தில் கன்னடம் தெரியுமா என்று ஒரு கட்டம் வைக்கின்றன. மாலையில் கணினி வகுப்புக்குக் கட்டும் பணத்தில் ஒரு பகுதியைக் கன்னடம் எழுதக் கற்பதற்குச் செலவிட்டால் அது எந்த ஏஜெண்டுக்குக் கொடுக்கும் பணத்தையும்விடப் பலன் தரும்.

பணம் போன பிறகு

ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே சொல்வதில்லை. அடுத்த தெருவில் அதே ஆள் இன்னொரு வீட்டில் போய் உட்காருவது அதனால்தான். ஏமாற்றிப் பணம் பறிப்பது பழைய 420. 2024 ஜூலை முதல் நியாயச் சட்டத்தின் 318வது பிரிவு. ஏழாண்டு வரை சிறை. செல்போன் வழியாகப் பணம் அனுப்பியிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே பேச வேண்டும். தாமதமின்றிச் சொன்னால் பணம் மேலும் கைமாறாமல் பேங்கிலேயே தடுத்து நிறுத்த வழியுண்டு. எந்தக் காரணத்துக்கும் அசல் சான்றிதழை ஏஜெண்டிடம் விட்டு வரக் கூடாது.

சம்பளப் பாக்கி வேறு விஷயம். ஒப்பந்தக்காரர் கொடுக்காவிட்டால் வேலை வாங்கிய கம்பெனியே கொடுக்க வேண்டும் என்பது 1970ம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. புதிய தொகுப்பிலும் இருக்கிறது. ஒரு வித்தியாசம், பழைய சட்டம் இருபது ஒப்பந்தத் தொழிலாளர் உள்ள இடத்துக்கே பொருந்தும்; புதியது ஐம்பது என்று உயர்த்திவிட்டது. சின்ன இடங்களில் வேலை செய்பவர்களுக்கு இது இழப்புதான். மறுபக்கம், வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும், வேலையை விட்டால் இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும் என்பவை புதிய தொகுப்புகளில் வந்துள்ள நல்ல விதிகள்.

புகார் கொடுக்க வேண்டிய தொழிலாளர் துறை, பன்னர்கட்டா ரோட்டில் கார்மிக பவனில் இருக்கிறது. அங்கே போகும்போது நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, பேங்க் பாஸ்புக், பி.எப். பாஸ்புக் ஆகியவற்றின் நகல்கள் கையில் இருக்க வேண்டும். சம்பளச் சீட்டு இல்லாதவர், வேலைக்கு வந்த நாட்களையும் ஷிப்டு நேரத்தையும் ஒரு நோட்டில் அன்றாடம் குறித்து வைத்திருந்தால் அதையும் எடுத்துப் போகலாம்.